லேத்தில் நிற்கும்போது திடீரென்று சட்டை நனைய வியர்க்கிறது, என்ன காரணமாக இருக்கும்?

குறிச்சி லேத்:
வணக்கம். வயது 46. கோவையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் (இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற மெஷின்) ஓட்டுகிறேன். வேலையும் புதிதில்லை, வெக்கையும் புதிதில்லை. ஆனால் ஒரு மாதமாக வேறு மாதிரி வியர்வை வருகிறது. காலை பதினொன்று, பதினொன்றரை வாக்கில் கடைய வேண்டிய ஜாப்பைச் சக்கில் (சுற்றுகிற பிடிப்பானில்) பிடித்து ஓட்டிக்கொண்டிருப்பேன், திடீரென்று பிடரியில் ஆரம்பித்து முதுகெல்லாம் வழியும். நெற்றியில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. அளவு எடுக்கும் வெர்னியரைப் பார்த்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிகின்றன. பக்கத்து மெஷின்காரர் அதே ஃபேன் காற்றில் சாதாரணமாக நிற்கிறார். டீ வந்து குடித்தால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. நெஞ்சு வலி இல்லை, படபடப்பும் இல்லை. சுகர், பிபி இரண்டும் உண்டு, மாத்திரையை விடாமல் போடுகிறேன். வீட்டில் கோடைதான் காரணம், மோர் குடிங்க என்கிறார்கள். ஓனர் பெரிய ஃபேன் போட்டுத் தருகிறேன் என்கிறார். இது வெறும் சூடுதானா?

ஃபவுண்டரிக்காரன்:
அண்ணே, நான் உருக்கு ஊற்றுகிற இடத்தில் வேலை பார்க்கிறவன், வியர்வையோடுதான் குடித்தனம். சூட்டில் வருகிற வியர்வை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், உடம்பு தொட்டால் சுடும், நிழலில் உட்கார்ந்தால் இறங்கும். லீவு முடிந்து வந்த ஆட்களுக்கும் புதுசாகச் சேர்ந்த பையன்களுக்கும் முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் உடம்பு பழகிவிடும். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று வந்தால் உப்பும் தண்ணீரும் போய்விட்டது என்று அர்த்தம், ஓஆர்எஸ் குடிக்க வேண்டும் (ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், தயவுசெய்து ஒரு லிட்டரில் கலக்குங்கள்). ஆள் உளற ஆரம்பித்தால், உடம்பு 40 டிகிரி தாண்டிக் கொதித்தால், அது ஹீட் ஸ்ட்ரோக். அப்போது உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வியர்க்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக் இருக்காது" என்று நினைக்கக் கூடாது, உழைக்கிறவனுக்கு வியர்த்துக்கொண்டே அது வரும்.

ஆனால் நீங்கள் சொல்வது இந்தக் கணக்கில் சேரவில்லை. ஜில்லென்று வியர்க்கிறது, பக்கத்து ஆளுக்கு ஒன்றும் இல்லை என்றால் ஃபேன் மாற்றி என்ன ஆகப் போகிறது?

மருந்துக்கடை அக்கா:
தம்பி, முதலில் ஒன்று. சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே ஹார்ட் அட்டாக் வரலாம், நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாது. குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு, தாடை வலி, மேல் வயிற்றில் கேஸ் மாதிரி அழுத்தம், காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் அடையாளமாக இருக்கும். அடுத்த தடவை வந்து, உட்கார்ந்தும் இறங்கவில்லை அல்லது இதில் ஒன்று கூடவே இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் அட்டாக்குக்கான முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஒரு ஈசிஜி நார்மல் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், இதயத் தசை பாதித்தால் கசிகிற ட்ரோபோனின் ரத்தத்தில் ஏற சில மணி நேரம் ஆகும், இருக்கச் சொன்னால் இருங்கள்.

சரி, என்னென்ன மாத்திரை, எப்போது போடுகிறீர்கள்? பட்டையைப் பார்த்து எழுதுங்கள். "சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

குறிச்சி லேத்:
அக்கா, பட்டையைப் பார்த்தே எழுதுகிறேன். சுகருக்கு கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500 சேர்ந்தது, காலை ஏழு மணிக்கு இட்லிக்கு முன்னால். போன மாதம்தான் கிளிமிபிரைடை 1-லிருந்து 2 ஆக்கினார்கள். பிபிக்கு மெட்டோபிரோலால் 50. முன்பு பத்து மணிக்கு டீயும் வடையும் வரும், இப்போது ஆர்டர் நெருக்கடி என்று டீயைப் பதினொன்றரைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மருந்துக்கடை அக்கா:
நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள் தம்பி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உறுதி செய்ய வேண்டியது டாக்டர்.

மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் சுகர் ரொம்ப இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்றெல்லாம் அது பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். டோஸ் ஏறியிருக்கிறது, டீ தள்ளிப்போயிருக்கிறது, நீங்கள் நின்றபடி கை வேலை செய்கிறீர்கள், தசையும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கிறது. மூன்றும் சேருகிற நேரம் பதினொன்று. சுகர் 70-க்குக் கீழே போனால் உடம்பு அலாரம் அடிக்கும், அதில் ஒன்றுதான் குளிர்ந்த வியர்வை. கண் மங்கலானது, மூளைக்குப் போகிற சர்க்கரை குறைவதால். சுற்றுகிற சக்குக்கு முன்னால் நிற்கிறவருக்கு இது விளையாட்டில்லை, வியர்வை ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்திவிடுங்கள். சர்க்கரை போட்ட டீ குடித்துச் சரியானது இன்னொரு தடயம்.

சுகர் இறங்கினால் படபடப்பும் கை நடுக்கமும் வருமே, உங்களுக்கு ஏன் இல்லை? மெட்டோபிரோலால் காரணமாக இருக்கலாம். அது பீட்டா பிளாக்கர் வகை. சுகர் குறையும்போது வருகிற இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் அது அமுக்கிவிடலாம், வியர்வையை மட்டும் அமுக்காது. இது தெரியாமல் "படபடப்பு இல்லை, அதனால் லோ சுகர் இல்லை" என்று போகிறவர்கள் நிறைய. அதற்காகப் பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி டூல் பாக்ஸிலேயே வையுங்கள். வியர்க்கிற அந்த நிமிடத்தில் பாருங்கள், மறுநாள் லேபில் வெறும் வயிற்றில் எடுப்பதில் இது தெரியாது. கையில் ஆயிலும் கூலன்டும் இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அப்புறம் வாழைப்பழமோ இட்லியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லேட், கிரீம் பிஸ்கட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏறத் தாமதமாகும். மீட்டர் கையில் இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் சர்க்கரையைக் குடியுங்கள். மயங்கிவிட்டால் யாரும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று பக்கத்து மெஷின்காரரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை, கிரியேட்டினினும் பாருங்கள். கிட்னி மந்தமானால் கிளிமிபிரைடு உடம்பில் அதிக நேரம் தங்கும்.

டெல்டா விவசாயி:
தலைப்பைப் பார்த்து வந்தேன். லேத்துக்காரருக்கு இது பொருந்தாது, ஆனால் வயலில் வேலை செய்கிற யாராவது படிப்பார்கள். மருந்தடிக்கும்போது திடீரென்று வியர்த்துக் கொட்டி, எச்சில் வழிந்து, குமட்டி, கண் மங்கினால் அது வெயில் மயக்கம் இல்லை. குளோர்பைரிபாஸ், புரோஃபெனோபாஸ் மாதிரி மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும், ஸ்பிரேயர் ஒழுகி முதுகுச் சட்டை நனைந்தாலே போதும். எங்கள் பக்கத்து வயல்காரருக்கு அப்படி ஆனது. கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் கண்டுபிடித்து முறிவு மருந்தான அட்ரோபின் போட்டார். சட்டையை உடனே கழற்றுங்கள், சோப்புப் போட்டு முழுக்கக் கழுவுங்கள், மருந்து டப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கழுவி விடுகிறவரும் கையுறை போட வேண்டும்.

திருப்பூர் டெய்லர்:
எனக்கு 49 வயது, சுகர் இல்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது முகம், கழுத்து குப்பென்று சூடாகி வியர்த்து, சில நிமிடத்தில் போய்விடுகிறது. ராத்திரியிலும் வருகிறது. இதுவும் அதுதானா?

மருந்துக்கடை அக்கா:
மாதவிடாய் நிற்கிற வயதில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், முகத்தில் சூடாக ஆரம்பிக்கும். ஆனாலும் டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள், தைராய்டு கூடினாலும் வியர்க்கும், அதில் எடை குறையும், கை நடுங்கும். மன அழுத்தத்துக்கு செர்ட்ராலின் மாதிரி ஏதாவது போடுகிறீர்களா? அதுவும் செய்யும். ராத்திரி வியர்வையோடு காய்ச்சல், எடைக் குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் டிபி இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

குறிச்சி லேத்:
மீட்டர் வாங்கிவிட்டேன். நேற்று வியர்க்க ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் குடித்தபின் 81. இன்று டாக்டரிடம் எண்ணைக் காட்டினேன். ஈசிஜி, எக்கோ எடுத்தார், இதயத்தில் கோளாறு இல்லை, கிரியேட்டினினும் சரியாக இருக்கிறது. கிளிமிபிரைடைத் திரும்ப 1 ஆக்கிவிட்டார், பிபி மாத்திரை அப்படியே. ஓனரும் டீயைப் பத்து மணிக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டார். அக்கா, அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

மருந்துக்கடை அக்கா:
நீங்களாக மாற்றாதீர்கள். ஷிஃப்ட் அட்டவணையையும் எந்த நேரத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி அதே டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரை உங்கள் முதல் பெரிய சாப்பாட்டை ஒட்டி இருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முதல் ராத்திரியில் நடுவில் ஒரு தடவை குத்திப் பாருங்கள்.