ஆர்வெல்லின் 1984 நாவல்: உங்களை உலுக்கியது எந்தப் பக்கம்?

மயூர் விஹார்க்காரி:

தரியாகஞ்ச் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினேன். 2019இல் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு மாற்றினார்களே, அங்கேதான். நூறு ரூபாய். பழைய பிரதி, அட்டையில் 1984 என்று பெரிதாக எண் மட்டும். ஆபீசுக்கு மெட்ரோவில் மண்டி ஹவுஸ் வரை போகிறவள் நான், அந்த நேரத்தில் படிப்பேன்.

கண்காணிப்புதான் பயமுறுத்தும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வீட்டுச் சுவரிலிருந்து நம்மையே பார்க்கும் திரை, ஆட்சித் தலைவனான பெரிய அண்ணனின் போஸ்டர். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. ரயில் பெட்டியில் தலைக்கு மேலே கேமரா, கையில் போன், எல்லாம் பழகிவிட்டது. (பழகிவிட்டதே என்று பயப்பட வேண்டும்தான். அது வேறு கதை.) என்னைப் பிடித்து உலுக்கியது சாக்லேட். ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைக்கிறார்கள். மறுநாளே, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி. ஒருத்தருக்கும் நேற்று என்று ஒன்று இருந்த ஞாபகம் இல்லை. அந்தப் பக்கத்தில்தான் மண்டி ஹவுஸைத் தவறவிட்டேன்.

ராஜீவ் சௌக்கில் ஒரு வயதான சர்தார்ஜி ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது எங்களைப் பற்றிய புத்தகமா, மகளே?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியது, 1949இல் வந்தது, வரப்போகும் காலத்தைக் கற்பனை செய்து எழுதினார் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். தலையாட்டினார். எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார். மயூர் விஹார் என்றேன். "திரிலோக்புரி பக்கமா?" ஆமாம். "முப்பத்திரண்டாம் பிளாக்" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கக் கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவர் திலக் நகர் வரை போகிறவர். நான் ஜண்டேவாலானில் இறங்கித் திரும்பினேன்.

நாலு வருஷமாக அந்த வழியில்தான் காய்கறி வாங்கப் போகிறேன். அன்று ராத்திரிதான் தேடிப் படித்தேன். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதற்கு அடுத்த நாட்களில் டெல்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்கள், 1987இல் அரசுக் குழு கொடுத்த கணக்கின்படியே, 2,733 பேர். மிக மோசமாகத் தாக்கப்பட்ட இடங்களில் ஒன்று அந்த பிளாக். மறுநாள் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுவிட்டேன்.

உங்களுக்கு எப்படி இருந்தது? எழுதுங்கள்.

பழைய குமாஸ்தா, ஆர்.கே.புரம்:

கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தைப் புரட்சிக்காரனாகப் படிக்கிறார்கள். எனக்கு அவன் குமாஸ்தா. அதுவும் நல்ல குமாஸ்தா. பழைய பத்திரிகையில் இருக்கும் தவறான ஆரூடத்தை இன்றைய நிலவரத்துக்கு ஏற்பத் திருத்துகிறான், மூலத்தைச் சுவரிலுள்ள துவாரத்தில் போடுகிறான், அது உலைக்குப் போகிறது. அந்த வேலை அவனுக்குப் பிடிக்கும் என்று ஆர்வெல் எழுதுகிறார், கவனித்தீர்களா? வாழ்ந்தே இராத ஒரு வீரனுக்கு வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டு உள்ளூர மகிழ்கிறான்.

நான் கும்பகோணத்திலிருந்து 1973இல் டெல்லிக்கு வந்தேன், ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. இரண்டே வருஷத்தில் எமர்ஜென்சி. 1975 ஜூன் 25 ராத்திரி பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் அச்சகங்களுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். கரோல் பாக் அறையில் நாங்கள் நாலு பேர், காலையில் பேப்பர் வரவில்லை என்று பையனைத் திட்டினோம். அப்புறம் ரேடியோவில் பிரதமர், பதற வேண்டியதில்லை என்றார். சரி என்று குளித்துவிட்டு ஆபீஸ் போனோம்.

பிறகு ஒரு வருஷம், ஆண்டறிக்கையில் நடப்பாண்டின் எண் குறைந்துவிட்டது. அதிகாரி, போன வருஷத்து எண்ணைக் கொஞ்சம் இறக்கிப் போடச் சொன்னார், வளர்ச்சி தெரிய வேண்டுமாம். போட்டேன். அது மட்டுமில்லை, 'திருத்திய மதிப்பீடு' என்று ஒரு அடிக்குறிப்பு சேர்த்து, யாரும் கேள்வி கேட்க முடியாதபடி பண்ணினேன். நல்ல டிராஃப்ட் என்று பாராட்டினார். அன்று மாலை நான் சந்தோஷமாக இருந்தேன். புத்தகத்தை ரிட்டையரான பிறகுதான் படித்தேன். கடைசியில் வின்ஸ்டனை உடைக்கும் எலிக்கூண்டுக்கு நான் பயப்படவில்லை, எங்கள் ரெக்கார்ட் ரூமில் பாதிக் கோப்புகளை எலிகள்தாம் கழித்தன. அந்தச் சந்தோஷம் ஞாபகம் வந்ததும்தான் புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

முனிர்கா அம்மா:

நான் முடிக்கவில்லை. பார்சன்ஸ் என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வருவாரே, தூக்கத்தில் உளறியதைச் சாவித் துவாரம் வழியாகக் கேட்டு ஏழு வயது மகளே காட்டிக்கொடுப்பாள். சிறையில் அவர், 'நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன்' என்று பெருமைப்படுகிறார். என் பெண்ணுக்கும் ஏழு வயது. நான் பாத்ரூமில் ஒளிந்து சாக்லேட் சாப்பிட்டதை மதுரையில் இருக்கும் பாட்டியிடம் போனில் சொன்னவள். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. புத்தகம் இப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

வடக்கு கேம்பஸ்:

எல்லோரும் மன்னிக்கவும். பாதிக்கு மேல், புத்தகத்துக்குள் ஒரு புத்தகம் வருகிறதே, வின்ஸ்டன் வாசித்துக் காட்டும்போது அவன் காதலி ஜூலியா தூங்கிவிடுவாள். நானும் தூங்கிவிட்டேன். ஜூலியா மட்டும்தான் அந்த நாவலில் எனக்கு மனுஷியாகத் தெரிந்தாள். கடைசியில் அவனை அப்படி உடைத்துப் போட்டதற்கு ஆர்வெல் மேல் கோபம் கோபமாக வந்தது. நம்பிக்கையே இல்லாத புத்தகத்தை எதற்கு எழுத வேண்டும்?

பழைய குமாஸ்தா, ஆர்.கே.புரம்:

தம்பி, இணைப்பைப் படித்தாயா? இணைப்பைப் பார்க்காமல் கோப்பை மூடினால் எங்கள் செக்‌ஷனில் மெமோ கிடைக்கும். கடைசியில், அந்த ஆட்சி உருவாக்கும் மொழியான புதுப்பேச்சு பற்றி ஒரு இலக்கணக் குறிப்பு இருக்கிறது. 2050க்குள் பழைய மொழி அடியோடு ஒழிந்துவிடும் என்று திட்டம். ஆனால் குறிப்பு முழுவதும் இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஆட்சி போன பிறகு எவனோ உட்கார்ந்து எழுதியது மாதிரி. அப்படியில்லை, அது வெறும் நடைதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் வினைச்சொல்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன்.

மயூர் விஹார்க்காரி:

சார், இன்று போகும்போது பார்த்தேன். 'இருந்தது', 'இருந்தது' என்றுதான் போகிறது. யமுனா பேங்க் தாண்டும்போது பக்கத்திலிருந்த பெண், காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, என்ன புத்தகம் என்று கேட்டாள். பெயரைச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.