16 அங்குல வயோலாவுக்கு எந்த ஷோல்டர் ரெஸ்ட் வாங்கலாம்? (கர்நாடக வயலினிலிருந்து வருகிறேன்)

அடையாறு பிடில்:
எனக்குச் சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின்தான். சம்மணம் போட்டு, வாத்தியத்தின் தலைச் சுருளை வலது பாதத்தில் ஊன்றி, அடிப்பக்கத்தை மார்பில் சாய்த்து வாசித்தே பழக்கம், தாடைக்கு அதில் வேலையே கிடையாது. இப்போது ஒரு சர்ச் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்திருக்கிறேன். வயலினுக்கு ஆள் நிறைய, வயோலாவுக்கு ஒருவரும் இல்லை என்று 16 அங்குல வயோலா (வயலினைவிடப் பெரிய, கீழ் சுருதி வாத்தியம்) ஒன்றைக் கையில் திணித்துவிட்டார்கள். வயோலாவுக்கு எழுதும் ஆல்டோ கிளெஃப் சுரக்குறிப்பைப் படிப்பதுகூடப் பழகிவிட்டது, வாத்தியத்தைப் பிடிப்பதுதான் இன்னும் வரவில்லை. மூன்றாம் பொசிஷனிலிருந்து (விரல்பலகையில் இடது கை நிற்கும் இடம்) முதல் பொசிஷனுக்கு இறங்கினால் வயோலாவும் கையோடு சேர்ந்து வருகிறது. அதைத் தடுக்க இடது தோளைத் தூக்கித் தாடையால் அமுக்கி வாசிக்கிறேன். ஒத்திகை முடிந்து எழுந்தால் காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரை இழுக்கிறது.

கழுத்து கொஞ்சம் நீளம், தோள் சரிவு. ஷோல்டர் ரெஸ்டில் (பின்பலகையில் மாட்டித் தோளில் உட்காரும் தாங்கி) குன், உல்ஃப், பான் மியூசிகா, எவரெஸ்ட் என்று ஆளுக்கு ஒரு பிராண்டு சொல்கிறார்கள். எதை வாங்கினால் வலி போகும்?

தாடைக்கட்டை:
ஷோல்டர் ரெஸ்டை அப்புறம் பார்ப்போம். உங்கள் வயோலாவில் இப்போது என்ன சின் ரெஸ்ட் (வாத்தியத்தின் மேல் தாடை வைக்கும் கட்டை) இருக்கிறது? அநேகமாக வாத்தியத்தோடு வந்த தட்டையான குவார்னேரி மாடலாக இருக்கும். எல்லோரும் செய்வது என்னவென்றால், தாடைக்கும் வாத்தியத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதைப் பார்த்து அதை அடைக்க உயரமான ஷோல்டர் ரெஸ்ட் போடுகிறார்கள். அதனால் வயோலா காறை எலும்பை விட்டு மேலே எழும்புகிறது, அதோடு சேர்ந்து இடது கையும் எழும்புகிறது, வில் பிடித்த கையும் எழும்புகிறது. கடைசியில் நீளக் கழுத்துக்காரர் தோளைக் காதுவரை தூக்கி வைத்துக்கொண்டு "ரெஸ்ட் சரியில்லை" என்று அடுத்த கம்பெனிக்குப் போகிறார்.

இடைவெளி இரண்டு இடத்தில் இருக்கிறது. தாடைக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் இருப்பதை சின் ரெஸ்ட்தான் நிரப்ப வேண்டும். பின்பலகைக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது ஷோல்டர் ரெஸ்டின் வேலை. இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வலி போய்விடும்.

இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். ரெஸ்ட் எதுவும் போடாமல் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். தோளைத் தொங்கவிட்டு, நேராகப் பார்த்து, வயோலாவின் விளிம்பைக் காறை எலும்பின் மேல் வைத்து இடது கையால் தாங்கிக்கொள்ளுங்கள். தலையைக் குனியாமல், தாடை எலும்புக்கும் சின் ரெஸ்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். ஒரு விரல் என்றால் சரி, லேசாகத் தலையசைத்தால் தாடை போய் உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று விரல் போனால் உயரமான சின் ரெஸ்ட் வாங்கியே ஆக வேண்டும், அதற்கு முன்னால் எந்த ஷோல்டர் ரெஸ்ட் வாங்கினாலும் காசு வீண்.

வெறுந்தோள்:
எதற்கு இவ்வளவு கஷ்டம்? வயலின் மேதை ஹைஃபெட்ஸ் ஷோல்டர் ரெஸ்ட் போட்டா வாசித்தார்? மில்ஸ்டீன்? ஆனே-சோஃபி முட்டர் இன்றைக்கும் போடுவதில்லை, தோளில் துணிகூட இல்லாமல் வாத்தியத்தை நேராக வைத்துத்தான் வாசிக்கிறார். சின் ரெஸ்டே 1820 வாக்கில் ஜெர்மன் வயலின் கலைஞர் லூயி ஸ்போர் கொண்டுவந்ததுதான். அதற்கு முன்னால் வாசித்தவர்களுக்குக் கழுத்து இல்லையா? பின்பலகையின் இரண்டு ஓரத்தையும் கவ்விப் பிடித்தால் நாதம் அடைபடும் என்பது என் அனுபவம். ஒரு ஷாமி தோல் (மிருதுவான துடைக்கும் தோல்) துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பழகுங்கள்.

தாடைக்கட்டை:
@வெறுந்தோள் சார், நாதம் விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசலாம். ரெஸ்ட் இல்லாவிட்டால் சட்டையும் தோளும் பின்பலகையிலேயே ஒட்டிக்கொள்கின்றன, அதுவும் அடைக்கத்தான் செய்யும். ரெஸ்ட் இல்லாமல் வாசிப்பவர்களின் இடது கை, வாத்தியத்தைத் தாங்கிக்கொண்டே பொசிஷன் இறங்கச் சின்ன வயதிலிருந்து பழகியது. கட்டைவிரல் முன்னாலேயே இறங்கிக் காத்திருக்கும். இவருடைய கை அப்படி வளரவில்லை. உட்கார்ந்த நிலையில் வாத்தியம் பாதத்திலும் மார்பிலும் நிற்கும்போது, கை தாங்கும் கவலையே இல்லாமல் கமகத்துக்கு மேலும் கீழும் வழுக்கிப் பழகிய கை அது. அந்தச் சுதந்திரம் வேண்டுமென்றால் வாத்தியத்தை வேறு ஏதாவது நிறுத்திவைக்க வேண்டும். அதனால் இவருக்கு ரெஸ்ட் தேவைதான். உயரமானது வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

சி தந்தி:
வயோலாக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், இதை வயலின்காரர்கள் மறந்துவிடுவார்கள். வயலினின் பக்கப்பலகை உயரம் சுமார் 30 மில்லிமீட்டர், வயோலாவில் 38 வரை போகும். அதாவது வாத்தியமே ஏற்கெனவே முக்கால் சென்டிமீட்டர் தடிமன் கூட. வயலினுக்குப் போட்ட அதே உயரத்தை இதில் வைத்தால் கழுத்து இடிக்கும், குறைத்தே ஆரம்பியுங்கள்.

பிராண்டு பற்றிக் கேட்டீர்கள். குன் என்பது கனடாவின் ஒட்டாவாவில் ஜோசப் குன் என்ற வாத்தியக் கைவினைஞர் 1970களில் கொண்டுவந்தது, இன்று கடையில் நீங்கள் பார்க்கும் பாதி ரெஸ்டுகள் அதன் சாயல்தான். எவரெஸ்டும் அந்த வகைதான், விலை குறைவு, ஆரம்பத்துக்குப் போதும். சரிவான தோளுக்கு இந்த நேர்வளைவு சில சமயம் ஒத்துவராது, தோள் பக்கம் காற்றில் நிற்கும். உல்ஃப் ஃபோர்ட்டே செகண்டோவில் அடியில் இருக்கும் உலோகத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம், உயரமும் நிறையக் கிடைக்கும். நீளக் கழுத்துக்கு இதைத்தான் கடையில் தள்ளிவிடுவார்கள், மேலே தாடைக்கட்டை அண்ணன் சொன்ன ஆபத்து இதில்தான் அதிகம். பான் மியூசிகா முழுக்க வளைக்கக்கூடிய உலோகப் பட்டை, ஒரு முனை கொக்கிபோலத் தோளைத் தாண்டிப் பின்னால் போகும். சரிவுத் தோளுக்கு உட்கார்ந்தால் அப்படியே உட்காரும், ஆனால் கனம், வளைத்து வளைத்துச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். கோர்ஃப்கர் என்ற ரெஸ்டும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு நல்ல தந்தி செட்டே வாங்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் வயோலா மாடலாகக் கேட்டு வாங்குங்கள். வயலின் ரெஸ்டின் கால்களைக் கடைசித் துளைவரை இழுத்து வயோலாவில் மாட்டினால் ஸ்லோ மூவ்மென்ட் நடுவில் கழன்று தரையில் விழும், ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அடையாறு பிடில்:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், தாராளமாக இரண்டு விரல் போகிறது. சின் ரெஸ்ட் நீங்கள் சொன்ன தட்டை மாடல்தான். ஆர்க்கெஸ்ட்ரா வயோலா என்பதால் மாற்றலாமா என்று கேட்டேன், பழையதைப் பத்திரமாக வைத்திருந்தால் சரி என்றார்கள். இன்னொரு கேள்வி. தாடைக்குக் கீழே சிவந்து சொரசொரப்பாக ஒரு தழும்பு வருகிறது, அரிக்கிறது. இதுவும் உயரப் பிரச்சினைதானா?

பட்டறைக்காரன்:
இரண்டு காரணம் இருக்கலாம். சென்னை வேர்வையில் மரம் உரசி வரும் தழும்பு வயலின், வயோலா வாசிப்பவர்களுக்குச் சாதாரணம், அமுக்குவது குறைந்தால் தானாகக் குறையும். ஆனால் தழும்பு தாடைக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே, சின் ரெஸ்டின் உலோகப் பிடி படும் இடத்தில் இருந்தால் நிக்கல் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். கவரிங் நகை போட்டால் உங்களுக்குக் காது புண்ணாகுமா? ஆகும் என்றால் அநேகமாக அதேதான். டைட்டானியம் பிடி போட்ட சின் ரெஸ்ட் கிடைக்கிறது, இல்லாவிட்டால் பருத்திக் கைக்குட்டையைப் போட்டு வாசித்துப் பாருங்கள். அப்படியும் அரித்தால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சின் ரெஸ்டை நீங்களே மாற்றலாம், அதற்கென்றே சின்னச் சாவி விற்கிறார்கள். பிடியில் இருக்கும் துளையில் சாவியை நுனிமட்டும் விட்டுத் திருப்ப வேண்டும். ஆழமாக நுழைத்தால் நுனி அந்தப் பக்கம் வந்து பக்கப்பலகை வார்னிஷைக் கீறும், பட்டறைக்கு வரும் பழைய வாத்தியங்களில் அந்த இடத்தில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். கார்க் விளிம்பில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, அசையாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். புதுக் கார்க் சில நாளில் அமுங்கும், அப்போது கால் திருப்பு கூட முடுக்கினால் போதும். இரண்டு விரல் என்றால் தட்டையை விட்டுவிட்டு, உயரம் கூட்டிக் குறைக்கும் மாடலோ, அடியில் தடித்த கார்க் வைத்து உயர்த்தியதோ பாருங்கள். நடுவில், டெயில்பீஸுக்கு (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் கட்டை) மேலே உட்காரும் ஃப்ளெஷ் வகை சின் ரெஸ்டும் கடையிலேயே வைத்துப் பாருங்கள், 16 அங்குலத்துக்கு இடது கை கொஞ்சம் எட்டத் திணறினால் அது உதவலாம்.

சி தந்தி:
சின் ரெஸ்ட் வந்த பிறகு உடனே பெரிய ரெஸ்ட் வாங்காதீர்கள். குளிக்கும் ஸ்பாஞ்சை வெட்டி மெல்லிய துணியில் சுற்றி, தோள் பக்கம் வைத்து சில ஒத்திகை ஓட்டுங்கள். எவ்வளவு தடிமனில் தோள் தானாகக் கீழே இறங்குகிறது என்று தெரிந்துவிடும், அந்த உயரத்துக்கு ரெஸ்டைத் திருகி வைத்தால் போதும். ரப்பர் பேண்டால் கட்டினால் வாசித்தவுடன் கழற்றிவிடுங்கள், வெயிலில் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். தோள் பக்கம் உயர்த்தினால் வாத்தியம் வலப்பக்கம் சாயும், இடது ஓரத்துத் தடித்த சி தந்திக்கு வில் எட்டுவது சுலபமாகும். ரொம்ப உயர்த்தினால் மறு ஓரத்து ஏ தந்தியில் வில் நிற்காமல், தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கமோ விரல்பலகைப் பக்கமோ சறுக்கும்.

வெறுந்தோள்:
ஸ்பாஞ்ச் என்றால் எனக்கும் சம்மதம். அதோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை.

அடையாறு பிடில்:
சனிக்கிழமை சின் ரெஸ்ட் பார்க்கப் போகிறேன், வயோலாவைக் கையோடு எடுத்துக்கொண்டு. ஸ்பாஞ்ச் இன்றைக்கே வெட்டிவிட்டேன், வீட்டில் யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.