கிண்ணியாவில் கடைசிப் பாதை போன பிறகு

வசதி என்றால் கரண்ட், குழாய்த் தண்ணீர், ஃபோன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். திருகோணமலைப் பக்கம் எங்கள் கிண்ணியாவில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் பாலம் என்பார்.

2009 ஒக்டோபரில்தான் அது திறந்தது. 396 மீற்றர் நீளம், சவூதி உதவியில் கட்டியது. அதற்கு முன்னால் திருகோணமலை டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பாதைதான். பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, ஆட்களையும் வாகனங்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மெல்ல நகரும் மிதவை. நாம் இக்கரையில் வந்து நிற்கும்போது அது எப்போதும் அக்கரையில்தான் இருக்கும், அது என்ன கணக்கோ!

வாப்பாவுக்கு மீன் வியாபாரம். விடியும் முன்பே ரெஜிபோம் பெட்டிகளோடு துறையில் போய் நிற்பார். வரிசையில் முன்னால் லொறிகள், பஸ், அவசரமென்று இடையில் நுழையும் ஜீப். வெயில் ஏற ஏற ஐஸ் உருகிப் பெட்டியின் அடியால் ஒழுகும். டவுன் சந்தையில் விலை நல்லபடி போகும் நேரம் காலையில் கொஞ்சந்தான். அதைத் தவறவிட்டால் பாரைக் குட்டியைச் சாளை விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். வாடைக்காற்று காலத்தில் அலை பெரிதாக இருந்தால் பாதையே ஓடாது. அன்று எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மீன்.

ஆனால் பகல் பரவாயில்லை, இரவுதான் பயம். பொழுது சாய்ந்தால் பாதை நின்றுவிடும். கந்தளாய்ப் பக்கமாகச் சுற்றிப் போகலாம்தான், யுத்த காலத்தில் அந்த வழியில் இரவில் யார் போவது? அதனால் உம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பின்னேரம் அஸர் தொழுது முடித்ததும் எங்கள் எல்லாருடைய நெற்றியையும் தொட்டுப் பார்ப்பார். சூடு தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, விடியும்வரை வீட்டில் வைத்துப் பார்ப்பதா என்று கடைசிப் பாதைக்கு முன்னால் முடிவெடுத்தாக வேண்டும். எத்தனையோ தடவை ஒன்றுமில்லாத தடிமனுக்கு அக்கரை போய்த் திரும்பி வர முடியாமல் மாமி வீட்டில் படுத்திருக்கிறோம். ராத்தாவின் தலைப்பிரசவத்துக்கு, வைத்தியர் சொன்ன திகதிக்கு வெகு முன்பே அவரை மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். டவுனில் ஒரு சொந்தக்கார வீடு இருப்பது அப்போது வயற்காணிக்குச் சமமான சொத்து.

துறையில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தவர்கள், கச்சான் விற்ற பெடியன்கள் எல்லாரும் பாலம் வந்ததும் பிழைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். பாலத்தில் ஏறும்போதெல்லாம் “இதுதான் என் கடையை விழுங்கினது” என்று சிரிப்பார். சிரிப்பில் கொஞ்சம் உண்மையும் இருக்கும்.

என் மகள் டவுனில் டியூஷன் முடித்து இருட்டிய பிறகு பஸ்ஸில் வருகிறாள். பஸ் கொஞ்சம் பிந்தினால் “இந்த ஊரில் எதுவுமே நேரத்துக்கு இல்லை வாப்பா” என்று ஃபோனில் சலிப்பு வேறு. இருட்டிய பிறகு டவுனிலிருந்து ஊர் திரும்புவதே ஒரு காலத்தில் நடக்காத காரியம் என்று சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும், அவளுக்கு அந்தப் பயம் தெரியாமலிருப்பதே எனக்குச் சந்தோஷம்.

இதையெல்லாம் பழைய கதை என்று நானும் நினைத்திருந்தேன், 2021 வரை. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்ட வேலை தொடங்கி, சனங்கள் மறுபடி மிதவையில் ஏற வேண்டி வந்தது. நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் மௌத்தானார்கள். ஊரே தண்ணீருக்கு ஓடியது.

பாலம் திருத்தும் இடங்களில் ‘தற்காலிக ஏற்பாடு’ என்று எதையாவது கண்டால் அன்றிலிருந்து முதலில் இரண்டு விஷயம் பார்க்கிறேன்: எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, உயிர்காப்பு அங்கி வைத்திருக்கிறார்களா. இல்லையென்றால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். மகள் முணுமுணுப்பாள், பெற்றோலும் கூடுதலாகத்தான் போகும். போனால் போகட்டும்.