காசு முதலில் போகணுமா, சரக்கு முதலில் வரணுமா? ஆன்லைனில் விற்றவர்கள், வாங்கியவர்கள் அனுபவம்

பவானி, ஜமக்காள வியாபாரி:

ஆன்லைனில் விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் எதை நம்பி இறங்கினீர்கள், எங்கே இடித்தது என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. அப்பா காலத்தில் வெளியூர்க்காரர்கள் தபால் கார்டில் எழுதிக் கேட்பார்கள். ஜமக்காளத்தைத் துணியில் வைத்துத் தைத்து வி.பி.பி.யில் அனுப்புவார். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டராக எங்களுக்கு வரும். வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டால் பார்சல் திரும்பி வரும், அனுப்பிய செலவு அப்பா தலையில். 2010இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தபோது, "இது நம்ம வி.பி.பி.தானே" என்றார் அப்பா. கார்டு இல்லாதவர்களையும், கார்டு இருந்தும் அதன் எண்ணைக் கம்ப்யூட்டரில் போடப் பயந்தவர்களையும் உள்ளே இழுத்துவந்தது அந்த ஏற்பாடுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொருளைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுப்பதுதானே நம் வழக்கம்.

ஆனால் விற்பவருக்கு அது பாரம். பெரிய தளம் ஒன்றில் கடை போட்டேன். ஆர்டர் போட்டவர் வீட்டில் இல்லை, போன் எடுக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று சரக்கு திரும்பி வந்துகொண்டே இருந்தது. எங்கள் வட்டாரத்தில் இதை ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின், அனுப்பியவருக்கே திரும்புவது) என்போம். ஜமக்காளம் கனமான சரக்கு, அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

அதைவிட வலித்தது வேறொன்று. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது. குழித்தறி என்ற கைத்தறியில் நெய்கிற சரக்கு அது. அதே தளத்தில் விசைத்தறி விரிப்புக்கு எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்றார்கள். போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் தூக்கினால்தான் கனம் தெரியும், விரலால் தடவினால்தான் ஊடையின் (குறுக்கு நூலின்) நெருக்கம் தெரியும். இணையத்தில் அந்த இரண்டுக்கும் வழியில்லை.

அப்புறம்தான் வாட்ஸ்அப் பிசினஸுக்கு வந்தேன். கேட்பவர்களுக்கு வீடியோ காலில் தறியையே காட்டுகிறேன். நெய்பவர் கால் மிதிப்பதையும், ஊடை நூலோடு நாடா ஓடுவதையும், கரையில் நிறம் மாறுவதையும் பார்த்துவிட்டால் கேள்வி குறைந்துவிடுகிறது. முழுப் பணத்தையும் யுபிஐயில் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அந்த நவம்பர் 8ஆம் தேதி பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகுதான் எங்கள் கடைவீதி அதைத் திரும்பிப் பார்த்தது. அப்பா காலத்தில் சரக்கு முதலில் போனது, இப்போது காசு முதலில் வருகிறது. முகம் பார்த்துப் பேசியதால்தான் இது நடந்தது என்பேன்.

போடி, இலவம்பஞ்சு தலையணை விற்பவர்:

அண்ணா, உங்களுக்குக் கனம் பிரச்சினை, எங்களுக்குக் கனமே இல்லாதது பிரச்சினை! இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றேகால் கிலோகூட வராது. ஆனால் கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். 60க்கு 40க்கு 15 என்று ஒரு பெட்டி வைத்தால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. ஒன்றேகால் கிலோ சரக்குக்கு ஏழு கிலோவுக்கு மேல் கட்டணம். அழுத்திக் கட்டி அனுப்பலாமே என்பார்கள். இறுக்கி வைத்தால் பஞ்சு கட்டிதட்டிவிடும், அப்படி அனுப்ப எனக்கு மனசு வராது. உறையைத் தைத்துத் தனியாகவும் பஞ்சைத் தனியாகவும் கேட்பவர்களுக்கு லாரி பார்சல் சர்வீஸில் போடுகிறேன். வீடு வரை வராது, அவர்களே போய் எடுக்க வேண்டும். அதற்கும் சம்மதித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தளத்தில் விற்பவர்கள் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். கமிஷன் போக, ஜிஎஸ்டியில் டிசிஎஸ் என்று ஒரு தொகையை, விற்ற பணத்திலிருந்து தளமே முன்கூட்டி வரியாகப் பிடிக்கும். 2018 அக்டோபரிலிருந்து 1 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலையில் அரை சதவீதமாகக் குறைந்தது. அது நம் பணம். ஜிஎஸ்டி போர்ட்டலில் போய் ஏற்றுக்கொண்டால் அங்கே நம் கணக்குக்கு (லெட்ஜருக்கு) வந்துவிடும். எங்கள் பக்கம் பலர் அதை எடுக்காமலே விட்டுவைத்திருக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

தென்காசி பக்கம், வாங்குபவர்:

நான் வாங்குகிற பக்கம். எங்கள் கிராமத்துப் பின்கோடைப் போட்டால் பல தளங்களில் 'இங்கே டெலிவரி இல்லை' என்றுதான் வரும். தபாலில் அனுப்புகிறவர்களிடம் மட்டும் வாங்கிப் பழகினோம். எந்தத் தனியார் கூரியர் வராவிட்டாலும் எங்கள் தபால்காரர் வருவார்.

அம்மாவுக்கு மிக்ஸி வாங்கியபோது வேறு மாடல் வந்தது. அதுவும் முன்பே பிரித்துப் பயன்படுத்தியது. பார்சலைப் பிரிக்கும்போது என் பையன் எடுத்த வீடியோ இருந்தும், 'ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் பதில். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2020இல் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விவரித்ததற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிந்த பிறகு பணம் திரும்பி வந்தது. வராவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

அம்மா இன்னும் கேஷ் ஆன் டெலிவரிதான். அதை நான் மாற்றச் சொல்வதில்லை.

ஈரோடு, டெலிவரி வேலை:

அக்கா, அம்மாவிடம் சொல்லுங்கள், இப்போது கேஷ் ஆன் டெலிவரியிலும் நிறையப் பேர் வாசலில் எங்கள் போனில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்துதான் கொடுக்கிறார்கள். சில்லறைத் தொல்லை இல்லை. ஆனால் 'பிரித்துக் காட்டு, அப்புறம் காசு' என்று கேட்பவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சில போன், டிவி ஆர்டர்களுக்கு மட்டும்தான் பிரித்துக் காட்டச் சொல்லியிருப்பார்கள். மற்றதைப் பிரித்தால் எங்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள். கோபத்தை எங்களிடம் காட்டாதீர்கள், ப்ளீஸ்.

போடி, இலவம்பஞ்சு தலையணை விற்பவர்:

தம்பி சொல்வது நியாயம். சரி, ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா வடகம், அப்பளம் போடுகிறார். ஜிஎஸ்டி எண் இல்லை. தளத்தில் விற்க முடியுமா? முன்பு முடியாது என்றார்களே.

பவானி, ஜமக்காள வியாபாரி:

முடியும். முன்பு தளத்தில் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அது மாறிவிட்டது. பொருள் விற்பவராக இருந்து, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் போதும். பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு விற்கலாம், அவரிடம் டிசிஎஸ்ஸும் பிடிக்க மாட்டார்கள். ஒரே நிபந்தனை, தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அனுப்ப வேண்டும். பெங்களூர்க்காரர் கேட்டால் கொடுக்க முடியாது. சாப்பிடுகிற பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் வேண்டும். இரண்டையும் முடித்துவிட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். எல்லாத் தளங்களும் இந்தப் பதிவு எண்ணை ஏற்பதில்லை, அதனால் பணம் எதுவும் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.