குறைந்த செறிவு அல்ட்ராசவுண்ட் வைத்தால் செல் பெருகுமா?

மாவுக்கட்டு: கீழ்க்கால் எலும்பு முறிந்து உள்ளே ராடு போட்டிருக்கிறார்கள். தினமும் 20 நிமிடம் குறைந்த செறிவு அல்ட்ராசவுண்ட் வைத்தால் செல்கள் பெருகி எலும்பு சீக்கிரம் கூடும் என்கிறார் கருவி விற்பவர். விலையைக் கேட்டால் மற்ற காலும் உடைந்துவிடும் போலிருக்கிறது. வாங்கலாமா?

ஆய்வகவாசி: விஷயம் புருடா இல்லை. சதுர செ.மீ.க்கு 30 மில்லிவாட், 1.5 மெகாஹெர்ட்ஸ், விட்டு விட்டு வரும் துடிப்புகள். இந்த அளவில் சூடு பெரிதாக ஏறாது; செல் உணர்வது அதிர்வைத்தான். செல் சவ்விலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் அதை உள்ளே கடத்துகின்றன. மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெருகுவதைத் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1994-லேயே மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ புது முறிவுகளுக்கு அனுமதி தந்துவிட்டது.

கடைசிவரிசை: தட்டு என்றீர்களே, சிக்கலே அங்கேதான். அடியில் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலி எழுப்பும் முனையை, வைத்தால் ஒலி மேலே போய், திரவமும் காற்றும் சேரும் இடத்தில் மோதி கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பும். போன அலையும் வந்த அலையும் சேர்ந்து, அழுத்தம் சில இடத்தில் கூடியும் சில இடத்தில் குறைந்தும் நிற்கும் நிலை அலையாகிவிடும். இந்த அதிர்வெண்ணில் அலைநீளமே 1 மி.மீ.தான், கால் மி.மீ. தள்ளியிருக்கும் செல்லுக்குக் கிடைக்கும் அழுத்தம் வேறு. திரவ மட்டம் சற்றே இறங்கினாலும் கணக்கு மாறும். போதாக்குறைக்கு டிரான்ஸ்டியூசரே சூடாகும். செல் பெருகியது அதிர்வாலா, சூட்டாலா?

ஆய்வகவாசி: அதற்குத்தான் மேலே ஒலி உறிஞ்சும் பொருள் வைத்து, வெப்பநிலையையும் அளக்கிறோம். எல்லா ஆய்வகமும் செய்வதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1994-இல் வெளியான சோதனை தட்டில் நடந்ததல்ல. மாவுக்கட்டு போட்ட 67 கீழ்க்கால் முறிவுகள். உண்மைக் கருவி வைத்தவர்களுக்கு எலும்பு ஒன்றுசேர சராசரியாக 96 நாள். போலிக் கருவி வைத்தவர்களுக்கு 154.

பிசியோ அக்கா: நடுவில் ஒரு வார்த்தை. பிசியோதெரபியில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் 1 வாட் அளவுக்குக்கூடப் போகும், இதைவிட 30 மடங்குக்கும் மேல். இரண்டும் ஒன்றென்று அந்தக் கருவியை முறிவின் மேல் வைத்துவிடாதீர்கள் தம்பி.

கடைசிவரிசை: 2016-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த, டிரஸ்ட் என்று பெயரிட்ட சோதனையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? 501 பேர், எல்லாருக்கும் கீழ்க்காலில் ராடு. எலும்பு கூடியதிலும் வித்தியாசமில்லை, நடமாட்டத்திலும் இல்லை. அடுத்த ஆண்டே அந்த இதழின் நிபுணர் குழு வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது.

ஆய்வகவாசி: அதில் பாதி சிகிச்சையாவது எடுத்தவர்கள் 73 சதவீதம்தான். அப்புறம், மாதக்கணக்கில் கூடாத எலும்பு வேறு கதை. அதற்கும் 2000-இல் அனுமதி கிடைத்தது.

கடைசிவரிசை: தினம் 20 நிமிடம் உட்கார ஆளுக்குப் பொறுமை இல்லை என்றால் அதுவும் அந்தச் சிகிச்சையின் குறைதான். கூடாத எலும்புக்குக் காட்டும் ஆதாரத்தில் பெரும்பகுதி ஒப்பீட்டுக் குழுவே இல்லாதது. தானாகக் கூடியதையும் கருவிக் கணக்கில் எழுதலாம்.

மாவுக்கட்டு: அப்படியென்றால் 2016 சோதனை என் காலைப் பற்றியதுதான். விற்பவரிடம் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டு எலும்பு சார்" என்கிறார்.