வயலோரம் வீடு, தரையில் படுக்கும் அப்பா: பாம்புக்கடி உண்மையில் எவ்வளவு ஆபத்து?

கார்த்தி, மன்னார்குடி பக்கம்

வயலை ஒட்டி வீடு கட்டிக் குடி வந்திருக்கிறோம். அறுப்பு தொடங்கியதிலிருந்து வாசலில் அடிக்கடி பாம்பு தென்படுகிறது. அப்பா கட்டிலில் படுக்க மாட்டார், திண்ணையில் பாய் விரித்தால்தான் தூக்கம். போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணனைக் களத்தில் ஏதோ கடித்தது. மந்திரிக்கிறவரிடம் போய் வேப்பிலை அடித்துக்கொண்டு வந்தார், மறுநாள் டிராக்டர் ஓட்டினார். இப்போது ஊரே அந்த மந்திரத்தைத்தான் பேசுகிறது. கட்டுவிரியன் கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போயும் பயனில்லை என்கிறார் ஒருவர். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் மருந்து போட மாட்டார்களா? அடித்து எடுத்துப் போக வேண்டுமா?

செல்வி, ஓய்வுபெற்ற நர்ஸ்

தம்பி, அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நிறையப் பார்த்தவள் நான். அறுப்புக் காலத்தில் பாம்புக்கடி வராத வாரம் இருக்காது.

அந்த அண்ணன் கதையை முதலில் முடிப்போம். அவரைக் கடித்தது தண்ணீர்ப்பாம்பாகவோ சாரையாகவோ இருக்கலாம், அவற்றுக்கு விஷமே இல்லை. நல்ல பாம்பே கடித்திருந்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்காது. மந்திரிக்கிறவருக்குப் பேர் வாங்கிக் கொடுப்பது இந்த இரண்டும்தான். விஷம் ஏறியவர்கள் அங்கே இரண்டு மூன்று மணி நேரத்தைத் தொலைத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். கொம்பேறி மூக்கன் பாவம், மரத்தில் பல்லி, தவளை பிடித்துத் தின்கிற பாம்பு. அதற்கு யாரையும் எரிக்கத் தெரியாது.

இனி ஆபத்து. உலகம் முழுக்க ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி விரியன் கடித்தால் நெருப்பு வைத்த மாதிரி எரியும், கால் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. நாங்கள் பார்க்கிற சோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைப்போம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. 20 நிமிடம் கழித்துச் சாய்த்தால் ரத்தம் கட்டியாக நிற்க வேண்டும். தண்ணீராக ஓடினால் உடனே மருந்து ஏற்றுவோம். தாமதித்து வந்தவருக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் வரை இழுத்துவிடும்.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குக் கவலை கட்டுவிரியன். அது இரவில் நடமாடும் பாம்பு, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். பல் சிறிசு, வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தடம்கூடத் தெரியாது. கொசு என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. வீட்டில் வாய்வு என்று கஷாயம் போடுவார்கள். அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சு தளரும். அப்படி யாராவது வந்தால் நாங்கள் முதலில் மேலே பார்க்கச் சொல்வோம், இமை தூக்குகிறதா என்று பார்க்க. பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்வோம். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் வென்டிலேட்டர் இருக்கிற இடத்துக்கு ஏற்பாடு நடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயும் பயனில்லை என்று சொன்னவரிடம் சொல்லுங்கள்: மூச்சை மட்டும் மெஷின் பார்த்துக்கொண்டால், சில நாளில் நரம்பு தேறி ஆள் எழுந்து நடந்து போவார்.

மாறன், செங்கல்பட்டு மாவட்டம்

அக்கா சொன்ன மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்கு வாருங்கள். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. மண்பானையில் பாம்பை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் மருந்து தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தப் பாம்பு பிடிக்கும் வேலைக்குத்தான்.

கார்த்தி

நன்றி அக்கா. குழந்தைகளுக்கு மருந்து குறைவாகப் போடுவார்களா? குதிரை மருந்து என்றால் அலர்ஜி வராதா? இன்னொன்று, கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டச் சொல்கிறார்களே?

செல்வி

குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான். பாம்பு ஆள் பார்த்து அளந்து விடுவதில்லையே, சின்ன உடம்பில் அதே விஷம் இன்னும் வேகமாக வேலை செய்யும். பொதுவாகப் பத்துக் குப்பியில் தொடங்குவோம். பொடியாக வரும், தண்ணீர் விட்டு உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும். புது நர்ஸ் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே என் தொண்டை வறண்டது. அலர்ஜி வரும்தான். உடம்பு தடித்து அரிக்கும், சிலருக்கு மூச்சு திணறும். அதனால்தான் அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போடுகிறோம். வீட்டிலோ மெடிக்கல் ஷாப்பிலோ போடுகிற மருந்து இல்லை இது.

கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். கையோ காலோ, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு பலகை வைத்து அசையாமல் கட்டி 108-ஐ கூப்பிடுங்கள். நடக்க விட வேண்டாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கின விஷம் ஒரேயடியாக உள்ளே ஏறும், மருந்து தயாராக வைத்துக்கொண்டு டாக்டர்தான் அவிழ்க்க வேண்டும்.

அப்பாவுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டுப் பாருங்கள். பிடிவாதம் பிடித்தால் கொசுவலை கட்டி, நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். நெல் மூட்டையைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், எலி வந்தால் பின்னாலேயே அது வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு உண்டா, வென்டிலேட்டர் எந்த ஆஸ்பத்திரியில் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

என்ன கடித்ததென்று தெரியாமல் போனாலும் 24 மணி நேரம் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்று நடுராத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். அப்படிப் போனவர்கள் விடிந்ததும் இமை தொங்கத் திரும்பி வந்திருக்கிறார்கள்.