கிளிநொச்சியிலிருந்து புறக்கோள் வளிமண்டலம்: 6 அங்குலத் தொலைநோக்கியால் எவ்வளவு முடியும்?

குளக்கட்டு:
வணக்கம். உயர்தர மாணவர் ஏழு பேருக்கு ஒரு செயற்றிட்டம் வேணும். 150 மி.மீ. நியூட்டன் தொலைநோக்கி, மோட்டர் பூட்டிய இக்குவட்டோரியல் மவுண்ட் (பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகச் சுழன்று நட்சத்திரத்தைத் தொடர்கிற தாங்கி), கறுப்பு வெள்ளைக் கமரா இருக்கு. இடம் இரணைமடுவுக்குக் கிழக்கே வயல்வெளி, தெருவிளக்கு இல்லை. எச்.டி. 189733 என்ற நட்சத்திரத்தைச் சுற்றுகிற எச்.டி. 189733 பி என்ற புறக்கோளின் (சூரியனை இல்லாமல் வேறு நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோள்) வளிமண்டலத்தை இதால் அளக்கலாமோ? ஏலாது என்றால் உண்மையில் பயன்படக்கூடிய வேறு என்ன வேலை செய்யலாம்? இன்னொரு சிக்கல்: மவுண்டின் அச்சைக் குறிபார்க்க வேண்டிய துருவ நட்சத்திரம் பனைகளுக்குப் பின்னால் மறைஞ்சு நிற்குது, மவுண்டின் அகலாங்கு அளவுகோலும் 15 பாகைக்குக் கீழே இறங்காது.

நிறமாலை:
கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து ஒளியைக் குறைக்கிறதை (கடப்பு) பிடிக்கலாம், கோளின் காற்றைப் பிடிக்க ஏலாது. பிள்ளைகளைக் கொண்டே இதைக் கணக்குப் பார்க்க வையுங்கோ. வளிமண்டலத்தின் அளவு உயரம், அதாவது அமுக்கம் ஏறக்குறைய மூன்றிலொன்றாகக் குறைகிற உயரம், kT/μg (k போல்ட்ஸ்மன் மாறிலி, T வெப்பநிலை, μ மூலக்கூற்று நிறை, g ஈர்ப்பு). வெப்பநிலை 1,200 கெல்வின், ஐதரசனும் ஈலியமும் கலந்த வாயுவுக்குச் சராசரி மூலக்கூற்று நிறை 2.3, ஈர்ப்பு 21 மீ/செ² என்று போட்டால் ஏறக்குறைய 200 கி.மீ. வரும். கோளின் ஆரை 81,000 கி.மீ., நட்சத்திரத்தினது 5,40,000 கி.மீ. 200 கி.மீ. தடிப்பான அந்த வளையம் மறைக்கிற ஒளி 2×81,000×200/5,40,000², அதாவது கோடியில் 1,100 பங்கு. ஒரு வாயு தன் அலைநீளத்தில் ஐந்து அளவு உயரம் வரை ஒளியை மறைச்சாலும் 0.05 வீதம்தான். 6 அங்குலத்தில் எங்கள் பூமிக் காற்று தருகிற நட்சத்திர மினுக்கம் ஒன்றே ஒவ்வொரு படத்திலும் 0.3 வீதம் அளவுக்குச் சிதறலைத் தரும். கோள் முழுதாக மறைக்கிறதோ 2.4 வீதம், அது தெளிவாகத் தெரியும்.

இதே கோளின் சோடியத்தை 2008 இல் தரையிலிருந்து கண்டது 9.2 மீற்றர் தொலைநோக்கியால். எங்கள் பூமியை வேற்று நட்சத்திரத்திலிருந்து பார்த்தால், 8.5 கி.மீ. அளவு உயரத்துக்குக் கிடைக்கிறது கோடியில் 2 பங்கு. மாணவருக்கு முதல் நாளே காட்ட வேண்டிய எண் இதுதான்.

பயன்படுகிற வேலை, கடப்பின் நேரத்தை அளக்கிறது. சுற்றுக்காலத்தில் 1 செக்கன் பிழை இருந்தால் 300 சுற்றில் அது 5 நிமிடமாகும். 2.2 நாளில் ஒரு சுற்றுப் போகிற இந்தக் கோளுக்கு அது இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். விண்வெளித் தொலைநோக்கியின் விலைமதிப்பான மணித்தியாலங்களை ஒதுக்கிறவர்களுக்குச் சரியான கடப்பு நேரம் வேணும். எக்ஸோக்ளொக், எக்ஸோபிளனெற் வோச் ஆகிய இரண்டு திட்டங்களும் சிறு தொலைநோக்கிகளின் அளவீட்டை ஏற்கின்றன.

பாலைமரம்:
மவுண்ட் பற்றி. முக்காலியின் இரண்டு கால் வடக்குப் பக்கம், ஒன்று தெற்குப் பக்கம் நிற்கட்டும். உங்கள் அகலாங்கு 9.4 பாகை, மவுண்ட் 15 இல் நிற்குது, ஆகக் கிட்டத்தட்ட 6 பாகை சரிக்க வேணும். காலுக்குக் கால் 1 மீற்றர் இடைவெளி என்றால் தெற்குக் காலை மட்டும் 9 செ.மீ. உயர்த்தினால் போதும். வடக்கே ஒற்றைக் காலை வைத்தால், இந்த அகலாங்கில் எதிர்ப்பாரத் தண்டு கீழ்நோக்கித் தொங்கும்போது அதில் இடிக்கும்.

துருவ நட்சத்திரம் தேவையில்லை. உச்சிக்கோட்டுக்கும் (வடக்குத் தெற்காகத் தலைக்கு மேலால் போகிற கோடு) வான நடுக்கோட்டுக்கும் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் வருகிற கோடு) பக்கத்து நட்சத்திரமொன்றை 5 நிமிடம் பாருங்கோ. தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே கூடிப்போச்சு, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கில் தாழ நிற்கிற நட்சத்திரம்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே என்றால் உயர்வு.

எச்.டி. 189733 ஆடி, ஆவணியில் நல்ல உயரத்தில் வரும், ஆனால் அப்போது வீசுகிற காற்று நீளக் குழாயை ஆட்டும். அதோடு பக்கத்தில் அதே அளவு பிரகாசமான, ஒளியை ஒப்பிட்டு அளக்க உதவுகிற நட்சத்திரம் குறைவு. மாசி, பங்குனிக்கு வாஸ்ப்-43 பி என்ற இன்னொரு புறக்கோளை எடுங்கோ: நட்சத்திரத்தின் ஒளித்தரம் 12.4, கடப்பில் ஒளி குறைகிற ஆழம் 2.5 வீதம், சுற்று 0.81 நாள், கடப்பு 70 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. கடப்புக்கு 1 மணித்தியாலம் முன்பும் பின்பும் படம் எடுக்கோணும், இல்லாவிட்டால் தட்டையான அடிக்கோடு இல்லாமல் ஆழம் பிழைக்கும். 60 செக்கன் படம், கமராவின் மிகப் பிரகாசமான படப்புள்ளி நிரம்பல் அளவின் 60 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஃபோக்கசைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒளி பல புள்ளிகளில் பரவி, ஒரு புள்ளியின் குறை முழுக்கணக்கையும் கெடுக்காது.

நேரத்தில் தான் கனபேர் தவறுகிறது. கடப்பு நேர அட்டவணை உலக நேரத்தில் (UTC) இருக்கும்: 12 ஆம் திகதி 20:00 என்றால் இங்கே 13 ஆம் திகதி அதிகாலை 1:30. லப்டொப் மணிக்கூட்டை இணையத்தோடு 1 செக்கனுக்குள் ஒத்திசைத்துவிட்டுத் தொடங்குங்கோ. பூமி நிற்கிற இடத்தைப் பொறுத்து ஒளி 8 நிமிடம் வரை முந்தும் பிந்தும், அதைத் திருத்திய சூரியமைய நேரத்தை அஸ்ட்ரோஇமேஜ்ஜே இலவச மென்பொருள் கணிச்சுத் தரும்.

காட்டோரம் என்றால் யானைத் தடத்தில் முக்காலி வைக்காதேங்கோ. குளத்துப் பக்கம் பனி இறங்கும், இரண்டாம் நிலைக் கண்ணாடிக்கு (குழாய் வாய்ப்பக்கமுள்ள சின்னக் கண்ணாடி) சூட்டுப்பட்டி கட்டுங்கோ.

குளக்கட்டு:
நன்றி. சோதனைப் பதிவில் நட்சத்திரம் உச்சியைத் தாண்டினதும் வளைவு படிக்கட்டு மாதிரி 1 வீதம் விழுந்தது. அது கோளில்லைத்தானே?

பாலைமரம்:
இல்லை. உச்சி தாண்டும்போது மவுண்ட் குழாயை மறுபக்கம் புரட்டினதும் நட்சத்திரம் கமராவின் வேறு புள்ளிகளில் விழுந்திருக்கு, கண்ணாடித் தூசியின் நிழல் அந்தப் படியைத் தரும். அந்தி வானத்தைப் பார்த்துக் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி 30 சமதளப் படம் (சீரான ஒளியில் தூசி நிழலை மட்டும் காட்டுகிற படம்) எடுத்து, அவற்றின் சராசரியால் எல்லாப் படத்தையும் வகுங்கோ. கமராவை இடையில் திருப்பக் கூடாது, ஃபோக்கசையும் தொடக்கூடாது. முடிந்தால் உச்சி தாண்டல் கடப்புக்கு வெளியே வருகிற இரவைத் தெரியுங்கோ.

நிறமாலை:
வளிமண்டலத்தையே மாணவர் கண்ணால் காண வேணும் என்றால் மாஸ்ட் என்ற விண்வெளித் தொலைநோக்கித் தரவுக் காப்பகத்தில் வாஸ்ப்-39 பி என்ற புறக்கோளின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கு. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 யூலை 10 இல் நியர்ஸ்பெக் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியின் பிரிசத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. முதல்நிலைக் கோப்புகள் மிகப் பெரிது, கைபேசி டேட்டாவில் இறக்காமல், நிறமாலையாக்கிய x1dints கோப்புகளை மட்டும் எடுங்கோ. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு: கமராவின் மின்னிரைச்சலை நிரல் நிரலாகக் கழிக்கிற வேலை முதல்நிலைக் கோப்பில்தான் சரியாகச் செய்யலாம்.

முதலில் எல்லா அலைநீளத்தையும் கூட்டி ஒரே வளைவாக்கி, கடப்பின் நடுநேரம், கோளின் பாதைச் சாய்வு, தூர விகிதம் (பாதையின் ஆரை நட்சத்திர ஆரையின் எத்தனை மடங்கு) மூன்றையும் பொருத்துங்கோ. பிறகு அவற்றைப் பூட்டிவிட்டு 2.0 முதல் 5.3 மைக்ரோமீற்றர் வரை 40 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் விளிம்பு மங்கலையும் (நட்சத்திரத்தின் விளிம்பு நடுவை விட மங்கித் தெரிகிறது) மட்டும் மாற விடுங்கோ. சுமார் 0.7 முதல் 1.9 மைக்ரோமீற்றர் வரை கமரா நிரம்பி வழிஞ்சிருக்கு, அங்கே வருகிற ஆழத்தை நம்பி வாயு சொல்லக்கூடாது. சரியாகச் செய்தால் 2.1 வீதத்தில் கிடக்கிற ஆழம் 4.3 மைக்ரோமீற்றரில் 2.3 வரை எழும், அது காபனீரொட்சைட்டு. அதற்கு இடப்பக்கம் 4.05 இல் சின்ன மேடு கந்தகவீரொட்சைட்டு, நட்சத்திரத்தின் புறஊதா ஒளி பட்டு அங்கே உருவானது.

அந்தச் சின்ன மேடு 40 துண்டில் தெளிவில்லை என்றால் 3.9 க்கும் 4.6 க்கும் இடையை மட்டும் இன்னும் நுணுக்கி வெட்டுங்கோ.